பிடியரிசிக் கலயம்

எங்கள் வீட்டுச் சமையலறையில், அரிசிப் பானைக்கு வலப்புறமாக, ஒரு மண் கலயம் இருக்கிறது. எவர்சில்வரும் கண்ணாடியும் பளபளக்கும் தில்லி நகரத்து அலமாரியில், வாய் சற்றே உடைந்த அந்தக் கலயத்தைக் காணும் விருந்தினர் பலர், அழகுக்காக வாங்கி வைத்தது என்றே எண்ணிக்கொள்கிறார்கள். ஒரு நண்பர், "சூரஜ்குண்டு கண்காட்சியில் வாங்கினீர்களா?" என்று கேட்டார். "இல்லை, பனையிலிருந்து இறங்கியது" என்றேன். அவர் சிரித்தார். நான் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

என் தந்தையார் பனையேறி. திருநெல்வேலிச் சீமையின் தென்கிழக்கில், செம்மணல் தேரிகளுக்கு நடுவே அமைந்த ஊர் எங்களுடையது. நெல் விளையாத ஊர். பங்குனி பிறந்தால் பதநீர். ஆவணி கழிந்தால் பனையும் ஓய்வு, அடுப்பும் ஏறக்குறைய ஓய்வு. தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு, பாளையருவாளோடு, விடியுமுன் ஒரு முறையும் பொழுது சாயும் வேளையில் ஒரு முறையும் ஒவ்வொரு பனையிலும் ஏறியிறங்க வேண்டும். பாளையை மெல்லிய சீவலாக நாள்தோறும் சீவிவிட்டால்தான் பதநீர் சொட்டும். ஒரு நாள் சீவாமல் விட்டால் நுனி காய்ந்து அடைத்துக்கொள்ளும். மறுநாள் எத்தனை ஆழமாகச் சீவினாலும் பழைய சுரப்பு வருவதில்லை. "பாளைக்கு ஞாயித்துக்கிழமை தெரியாது" என்பார் தந்தையார். ஆராதனைக்கென்று வேலையை நிறுத்த முடியாத தொழில். ஆகவே எங்கள் ஊரில், ஞாயிற்றுக்கிழமை இறங்கும் பதநீர் கோயிலுக்கு என்று வைத்துக்கொண்டார்கள். ஓய்வுநாளை மீறுவதற்கு அபராதமா, அல்லது அந்த நாளைக் கொண்டாடும் முறையா என்று நான் சிறுவனாக இருந்தபோது கேட்டதில்லை. இப்போது கேட்கலாம் என்றால் பதில் சொல்ல அவர் இல்லை.

பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். பல பருவங்கள் ஏறியிறங்கிய கலயம், வெளியே கறுத்தும் உள்ளே வெளுத்தும் இருக்கும். அப்படி வாய் உடைந்து தொழிலுக்கு உதவாது போன ஒரு கலயத்தைத்தான் என் பாட்டி சமையற்கட்டிற்கு எடுத்துக்கொண்டாள். பாட்டிக்குப் பின் அது என் தாயாருக்கு வந்தது. உலையில் அரிசி இடுமுன், முதலில் ஒரு பிடி அந்தக் கலயத்திற்குள் போகும். நெற்சோறு என்பது எங்கள் வீட்டில் வாரத்திற்கு ஒருநாள் விருந்து. மற்ற நாட்களில் கம்போ சோளமோ குதிரைவாலியோ. எந்தத் தானியமாயினும் ஒரு பிடி. ஆகையால் பெயர்தான் பிடியரிசிக் கலயம். உள்ளே இருப்பது பலசரக்கு.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. தென்பாண்டி நாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களைச் சேர்ந்த வாசகர்கள் தம் பாட்டியின் அடுக்களையை நினைத்துப் பார்த்தால் ஒரு கலயமோ, ஓலைக் கொட்டானோ, மூடி தொலைந்த டப்பாவோ நினைவுக்கு வரும். மாதம் ஒரு ஞாயிறு, பெண்கள் அதை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். பீடத்தின் முன் விரித்த பாயில் கொட்டுவார்கள். ஆராதனை முடிந்தபின் அது ஏலமாகும்; அல்லது இல்லாதவர் வீட்டுக்குப் போகும். காலையும் மாலையும் கோயில் மணி அடிக்க, உபதேசியார் ஜெபம் நடத்த, வயலுக்கோ பனங்காட்டுக்கோ போகிறவர்கள் போகிற வழியில் உள்ளே சென்று முழங்கால் படியிட்டுவிட்டுப் போவது எவ்வளவு இயல்பாயிருந்ததோ, அவ்வளவு இயல்பாயிருந்தது இந்தப் பிடியரிசியும். மணி கேட்டால் ஜெபம், உலை வைத்தால் பிடி. இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துப் பேச அவர்களுக்குத் தெரியாது.

வேதத்திலும் அவை பிரிந்து கிடக்கவில்லை. யாத்திராகமத்தில் இஸ்ரவேலருக்கு விதிக்கப்பட்ட அன்றாட வழிபாடு, காலையில் ஓர் ஆட்டுக்குட்டியும் மாலையில் ஓர் ஆட்டுக்குட்டியும், அவற்றோடு எண்ணெயில் பிசைந்த மாவும் திராட்சரசமும் என்று அமைந்தது. வெறுங்கையோடு செய்யும் தினசரி ஆராதனை அங்கே இல்லை. மாவு என்றவுடன் சாறிபாத் ஊர் விதவையும் நினைவுக்கு வருகிறாள். பானையின் அடியில் மிஞ்சிய ஒரு பிடி மாவைத் தானும் மகனும் தின்று செத்துப்போவதற்காக விறகு பொறுக்கப் போன பெண்ணிடம், எலியா முதலில் தனக்கு ஓர் அடை செய்து தரச் சொல்கிறார். பிரசங்கங்களில் இந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம், பானை குறையாமல் போன அற்புதத்துக்கே எல்லாரும் விரைந்து சென்றுவிடுவதைக் கண்டிருக்கிறேன். என் மனம் அந்தச் சிறுவனிடத்திலேயே நின்றுவிடும். தன் பங்கு அடையை வேறொருவர் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தானே, அவன் என்ன நினைத்திருப்பான்? வேதம் அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

1955-ஆம் ஆண்டு ஆவணியில் தந்தையார் பனையிலிருந்து விழுந்தார். உயிர் தப்பியது, இடுப்பு தப்பவில்லை. எனக்கு அப்போது ஒன்பது வயது. இருந்த கருப்பட்டியை விற்று வைத்தியம் பார்த்தோம். ஐப்பசியில் ஒன்றுமில்லை. அம்மா இரவெல்லாம் ஓலைப் பெட்டி முடைந்து, அதை விற்று, படிக் கம்போ அரைப்படி சோளமோ வாங்கி வருவாள். ஒரு வேளைக் கஞ்சி. அந்தக் கஞ்சிக்கான தானியத்திலிருந்தும், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு பிடி கலயத்திற்குள் போய்விடும். அந்தக் கலயத்தை நான் வெறுத்தேன். கர்த்தரையும் சேர்த்து வெறுத்தேன் என்று இன்று எழுதுவதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஒன்பது வயதுப் பசிக்கு அந்த இருவரையும் வேறுபடுத்தத் தெரியவில்லை.

ஒரு நாள் அம்மா பெட்டி விற்கப் போயிருந்தாள். கலயத்தில் கையைவிட்டு இரண்டு பிடி அள்ளி, நிக்கர்ப் பையில் போட்டுக்கொண்டு தேரிக்காட்டுக்கு ஓடினேன். பச்சைக் கம்பை மென்று தின்றேன். மாலையில் திரும்பி வந்து, ஒன்றும் அறியாதவன்போல் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். முழங்கை வரை சுண்ணாம்பு வெளுத்திருந்தது. ஏதும் சொல்லவில்லை. அன்று இரவு உலையிட்டபோது கலயத்தில் இரண்டு பிடி போட்டாள். மறுநாளும் இரண்டு பிடி. மூன்றாம் நாள் பழையபடி ஒன்று. கூடுதலாகப் போன அந்த இரண்டு பிடியும் யாருடைய கஞ்சியில் குறைந்தன என்பதை நான் கணக்கிட்டது, கணக்கெழுதுவதையே உத்தியோகமாகக் கொண்டு வெகுகாலம் ஆன பிறகுதான்.

அந்த மாதம் காணிக்கை ஞாயிறு வந்தது. அம்மா கலயத்தைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள். அன்று இருட்டிய பிறகு உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். தோளில் துண்டில் கட்டிய ஒரு மூட்டை. பெண்கள் கொட்டிய தானியத்தை அந்த மாதம் ஏலம் விடவில்லை என்றும், இரண்டு வீடுகளுக்குக் கொடுப்பதாக முடிவாயிற்று என்றும் தாழ்ந்த குரலில் தந்தையாரிடம் சொன்னார். தந்தையார் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா மூட்டையை வாங்கி அவிழ்த்தாள். அரிசி, கம்பு, சோளம், கேழ்வரகு எல்லாம் கலந்து கிடந்தன. முறத்தில் இட்டுப் புடைத்தாள். உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் இட்டாள்.

நான் கத்தினேன். "அது அவங்க நமக்குத் தந்ததுதானே! அதுலயும் எதுக்கு?" என்றேன்.

"நம்ம வீட்டுக்குள்ள வந்தாச்சுல்லா" என்றாள் அம்மா. அதற்குமேல் விளக்கம் இல்லை. நாங்கள் வயிறாரச் சாப்பிட்டோம்.

1969-ஆம் ஆண்டு மத்திய அரசின் கணக்குத் துறையில் வேலை கிடைத்துத் தில்லிக்கு வந்தேன். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்த பலரையும்போல, நானும் சாமான்களோடு சில பழக்கங்களை ஏற்றிக்கொண்டு வந்தேன். சிலவற்றை ரயிலிலேயே விட்டுவிட்டேன். ஞாயிறு பிற்பகலில் மட்டும் தமிழ் ஆராதனைக்கு இடம் கிடைக்கும் ஒரு கோயிலில் சேர்ந்துகொண்டேன். தசமபாகத்தை ஒழுங்காகச் செலுத்தினேன். மாதச் சம்பளம் வந்தவுடன் பத்தில் ஒன்றை உறையிலிட்டு ஒட்டிவிடுவேன். வருங்கால வைப்பு நிதிப் பிடித்தம் போக எஞ்சியதில் பத்தில் ஒன்றா, பிடித்தத்துக்கு முந்தியதிலா என்று ஒரு வாரம் யோசித்து, பிந்தியதே முறை என்று முடிவு செய்தேன். அந்த முடிவை நியாயப்படுத்த எனக்கு வசனம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆயினும் கணக்குத் துறை விதி ஒன்று கிடைத்தது.

தந்தையார் மறைந்தபின், 1974-இல், அம்மா எங்களோடு இருக்க வந்தாள். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசிலிருந்து இறங்கியபோது அவளிடம் ஒரு தகரப் பெட்டியும், பழஞ்சேலையில் சுற்றிய ஒரு பொதியும் இருந்தன. தகரப் பெட்டியைக் கூலியாளிடம் கொடுத்தாள், பொதியைக் கொடுக்கவில்லை. ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பில், மண்ணெண்ணெய் அடுப்பின் அருகே பொதி அவிழ்ந்தது. மறுநாள் காலை, ரேஷன் அரிசியின் முதற்பிடி கலயத்தில் விழுந்தது.

நான் எதிர்த்தேன். மாதந்தோறும் உறை போகிறது. அதுவும் பத்தில் ஒன்று. பிடியரிசியின் விலை அதில் இருபதில் ஒரு பங்குகூட ஆகாது. மேலும் இந்த ஊர்க் கோயிலில் அரிசி வாங்கும் வழக்கம் இல்லை. வேண்டுமானால் உறையில் மூன்று ரூபாய் கூட்டி வைக்கிறேன் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஏய்யா, அது உன் சம்பளத்துலருந்து போகுது. இது நம்ம சோத்துலருந்துல்லா போகுது" என்றாள்.

கணக்கின்படி இரண்டும் ஒன்றே என்று எனக்குத் தோன்றியது. அதைத் தெளிவாக விளக்கவும் செய்தேன். இன்று அந்த விளக்கத்தை நினைத்தால் வெட்கமாயிருக்கிறது. என் உறை, மாதத்தில் ஒருநாள் என் மேசையில் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டது. ஏனைய இருபத்தொன்பது நாட்களும் எனக்குக் கொடுத்தல் என்ற வேலையே இல்லை. அம்மாவுக்கோ அது ஒவ்வொரு நாளும், பசி வந்த நேரத்தில், சோறாகப் போகிற அரிசியைக் கையில் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை. போதுமா போதாதா என்று தெரியுமுன்பே முதற்பிடி போய்விடும். மிஞ்சியதைக் கொடுப்பது அங்கே நிகழவே முடியாது. ஏனெனில் எது மிஞ்சும் என்பது அந்த நேரத்தில் எவருக்கும் தெரியாது.

இன்னொன்றையும் சில மாதங்கள் கழித்துக் கவனித்தேன். பிடி விழும்போது அவள் உதடு அசையும். அருகில் நின்று கேட்டபோது, ஒரு பெயர் சொல்கிறாள் என்று தெரிந்தது. நாளுக்கு ஒரு பெயர். ஊரில் கண் பார்வை மங்கிய அத்தை ஒருத்தி. எங்கள் மகனின் பள்ளி ஆசிரியை. மேல்வீட்டில் கால்வலியால் படியிறங்க முடியாத பஞ்சாபிக் கிழவி. அந்தக் கிழவியோடு பேச அம்மாவுக்கு ஓர் இந்திச் சொல்கூடத் தெரியாது. என்றாலும் செவ்வாய்க்கிழமைப் பிடி அவளுக்கு. 1984-இல் தொலைக்காட்சியில் 'ஹம் லோக்' தொடர் வந்தபோது, எங்கள் குடும்ப ஜெபம் முன்னும் பின்னும் நகர்ந்து, சில இரவுகளில் அடியோடு நழுவிப்போனதுண்டு. வேதப் புத்தகம் திறக்கப்படாத அந்த நாட்களிலும் எங்கள் வீட்டில் ஜெபம் நடந்துகொண்டுதான் இருந்தது, காலை ஏழு மணிக்கு, அடுப்படியில், நின்றபடியே.

தமிழ்ச் சபைக்கு அவள் முதன்முறை அரிசிப் பையைக் கொண்டுசென்றபோது, பொருளாளர் அதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று தடுமாறினார். சபையார் சிலர் முகத்தைத் திருப்பிப் புன்னகைத்தனர். அவர்களில் நானும் ஒருவன். மூன்றாம் மாதம் ஓர் அம்மாள் அந்த அரிசியை ஐந்து ரூபாய்க்கு ஏலம் கேட்டார். அடுத்த ஆண்டிற்குள் ஒன்பது வீடுகளில் டப்பாக்கள் ஏறின. இன்று அந்த ஒன்பதில் மூன்றுதான் எஞ்சியுள்ளன. பிள்ளைகள் வெளிநாடு சென்றார்கள், வீடு மாறினார்கள். சமைப்பதற்கு ஆள் வைத்தவுடன் பிடி நின்றுபோன வீடும் உண்டு. கூலிக்குச் சமைக்கிறவரின் கையால் நம் பிடி விழுமா என்ற கேள்விக்கு எனக்கு விடை தெரியாது.

கலயத்தின் அரிசி கோயிலுக்குப் போகாத மாதம் ஒன்று உண்டு. 1984 நவம்பர். பிரதமர் இந்திரா காந்தி கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, தில்லியில் சீக்கியர்கள் தாக்கப்பட்ட நாட்கள். எதிர்வீட்டில் ஒரு சீக்கியக் குடும்பம், ஐந்து பேர். நவம்பர் முதல் தேதி பின்மாலையில், விளக்கணைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக அவர்களை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மூன்று இரவுகள் எங்களோடு இருந்தார்கள். கடைகள் இல்லை. தூரத்தில் புகை தெரிந்தது. வீட்டிலிருந்த அரிசியும் கோதுமை மாவும் இரண்டாம் நாளே தீர்ந்தன. மூன்றாம் நாள் காலையில் அம்மா கலயத்தைச் சாய்த்து, முழுவதையும் முறத்தில் கொட்டினாள். கடையில் அரிசி கிடைக்காத காலத்திலும் கலயத்திலிருந்து ஒரு பிடி கடன் வாங்கச் சம்மதிக்காதவள் அவள்.

"கோயிலரிசியாச்சேம்மா" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒருவேளை அவள் மறந்துவிட்டாளோ என்று நினைத்திருக்கலாம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு அன்னைக்கு வந்தது எந்த அரிசியாம்?" என்றாள்.

இருபத்தொன்பது ஆண்டுகளில் அந்த ஐப்பசியைப் பற்றி அவள் பேசியது அந்த ஒரு முறைதான்.

அமைதி திரும்பிச் சில வாரங்கள் கழித்து, எதிர்வீட்டு அம்மையார் ஒரு பித்தளைக் கிண்ணத்தில் கோதுமை மாவு கொண்டுவந்து, "மாஜியின் பானைக்கு" என்று வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதமும் வந்தது. அவர்களுக்கு மாற்றல் ஆகும்வரை அது நிற்கவில்லை. மாவைத் தனி டப்பாவில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுசென்றாள் அம்மா. பொருளாளருக்கு மறுபடியும் தலைவலி.

அந்தக் கிண்ணம்தான் என்னைத் தேட வைத்தது. பஞ்சாபியருக்குப் பிடிமாவு புதிதன்று என்று படித்தறிந்தேன். லாகூரில் 1886-இல் தொடங்கிய தயானந்தர் பெயர் தாங்கிய கல்விக்கூடத்துக்காக, ஆரிய சமாஜத்தார் வீடுதோறும் பானை வைத்து நாளுக்கு ஒரு பிடி மாவு சேர்த்திருக்கிறார்கள். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் பிடியரிசித் திட்டத்தை வலியுறுத்தியதை நம் சங்கத்து அன்பர்கள் பலரும் அறிவர். உண்ணுமுன் பிறர்க்கு ஒரு கைப்பிடி என்பது திருமூலர் காலத்திலிருந்தே தமிழருக்குத் தெரிந்த கணக்கு. ஆகவே எங்கள் பாட்டிமார் கிறிஸ்தவத்தைத் தழுவியபோது, இதைக் கற்றுக்கொண்டார்கள் என்பதைவிட, கையோடு கொண்டுசென்றார்கள் என்று சொல்வதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

ஆயினும் அவர்கள் அதைக்கொண்டு செய்த காரியம் புதிது. எங்கள் ஊருக்குச் சில கல் தொலைவிலுள்ள வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1912-இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானவர். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, 1903-இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றுவதற்கு முன்னின்றவர். வெளிநாட்டுப் பணம் இல்லாமல், இந்த நாட்டவரே பணமும் ஆளும் தந்து, தாமே நிர்வகித்து, தெலுங்கு நாட்டுத் தோர்னக்கலுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். பனையேறிகளும் நெசவாளரும் கூலி வேலையாட்களும் நிறைந்த சபைகள் இன்னொரு மொழி பேசும் நாட்டுக்குச் செலவு செய்தன. பின்னாளில் கொடுத்தலைப் பற்றியே தனி நூலொன்று எழுதிய அசரியா, தோர்னக்கலின் ஏழைச் சபைகளுக்கும் இதையே கற்பித்தார்: கொடுப்பதற்கு ஏழ்மை தடையாகாது, அதுவும் ஆராதனையின் பகுதி என்று. என் பாட்டி எங்கள் கலயத்தைத் "தோர்னக்கல் கலயம்" என்றே அழைப்பாளாம். தோர்னக்கல் எத்திசையில் உள்ளதென்று அவளுக்குத் தெரியாது. தில்லியிலிருந்து ஊருக்குப் போகும் வழியில் அந்த ரயில் நிலையத்தை எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். பல முறை உறக்கத்தில்.

1989-இல் அலுவல் நிமித்தம் மிசோரம் சென்றபோது, ஐஸ்வால் நகரில் ஒரு வீட்டில் உணவருந்த அழைத்தார்கள். மலைச்சரிவில் மரவீடு. வீட்டம்மையார் அரிசியை அளந்து பாத்திரத்தில் போட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அருகிலிருந்த வேறொரு பாத்திரத்தில் இட்டார். எனக்கு மெய்சிலிர்த்தது. 'புஃபாய் தம்' என்றார்கள். புஃபாய் என்றால் அரிசி, தம் என்றால் பிடி. 1910-இல் தொடங்கியதாம். ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி. பெண்கள் வீடு வீடாகச் சென்று திரட்டி, விற்று, ஊழியத்துக்குக் கொடுக்கிறார்கள். எங்கள் நாட்டில் பாட்டிகளோடு மங்கிவரும் வழக்கம், அங்கே மாநிலத்தின் பெரிய திருச்சபை ஒன்றைத் தாங்கும் தூண்களில் ஒன்று. திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் வியக்கவில்லை. "அங்கேயும் உலை வைக்காங்கல்லா" என்றாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்வாறு சேரும் காணிக்கை எங்கே போகிறது என்று கேட்கிறவர்கள் இன்று பலர்; கேட்பதில் தவறும் இல்லை. திருச்சபைகளில் தேர்தலும் வழக்கும் பெருகி, பிடி பிடியாகச் சேர்ந்தது வக்கீல் கட்டணமாய்ப் போவதைக் காண்கிறோம். நானே ஒரு சபையின் கணக்கைத் தணிக்கை செய்து, மனம் கசந்து, இரண்டு ஆண்டுகள் உறையை நிறுத்தியிருக்கிறேன். கணக்குக் கேட்பது கொடுப்பவரின் கடமை என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் நிறுத்திய பணத்தை நான் வேறெந்த ஏழைக்கும் கொடுக்கவில்லை என்பதையும் என் கணக்குப் புத்தகம் காட்டுகிறது. காய்ந்த பாளை எத்தனை ஆழமாகச் சீவினாலும் சுரக்காது என்று தந்தையார் சொன்னது பனையைப் பற்றித்தான். எனினும் அந்த ஆண்டுகளில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. அம்மா மட்டும், என் கசப்பையெல்லாம் கேட்டுவிட்டு, வழக்கம்போல் அரிசிப் பானையைத் திறந்தாள்.

1994 சனவரியில், கடுங்குளிரில், அம்மா மறைந்தாள். அடக்கம் முடிந்து உறவினர் திரும்பிய பின், என் மனைவி கலயத்தை எடுத்துப் பார்த்தாள். பதினொரு நாள் அரிசி இருந்தது. காணிக்கை ஞாயிற்றுக்கு இன்னும் நாள் இருந்தது.

"இதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா, இல்லை..." என்று பாதியில் நிறுத்தினாள்.

மறுநாள் காலை நான் சமையலறைக்குப் போனேன். அதுவரை அரிசிப் பானையில் நான் கைவிட்டதில்லை. தேரிக்காட்டுக்கு ஓடிய அந்த ஒரு நாள் நீங்கலாக. ஒரு பிடி அள்ளினேன். யார் பெயரைச் சொல்வதென்று தெரியாமல் நின்றேன். பிறகு மேல்வீட்டுக் கிழவியின் பெயரைச் சொன்னேன், அன்று செவ்வாய்க்கிழமை. அரிசியைக் கலயத்தில் போடப்போகும்போது மனைவி என் கையைப் பார்த்தாள்.

"அத்தை கை சின்னக் கை. உங்க பிடி ரெண்டு பிடி வரும்" என்றாள்.

உண்மைதான். என் கை தந்தையாரின் கை. நான் விரல்களைச் சற்றுத் தளர்த்தினேன். பாதி அரிசி பானைக்கே திரும்பி விழுந்தது. எஞ்சியதைக் கலயத்தில் இட்டேன். அலுவலகத்துக்குப் போகும் பேருந்தில், அந்தப் பாதி விழுந்த ஓசை காதில் இருந்துகொண்டே இருந்தது.

இப்போது இரவில் எங்களுக்குச் சப்பாத்திதான்; மருத்துவர் கட்டளை. காலையில் மட்டும் அரிசி. பிடி எடுப்பது என் வேலையாகவே நிலைத்துவிட்டது. பெயர்களின் பட்டியல் நீண்டுவிட்டது. சில நாட்களில் ஒரே பிடிக்கு இரண்டு பெயர் சொல்லிவிடுகிறேன். ஆனால் அரிசியைக் கையில் எடுத்துக் கலயத்தின் பக்கம் திருப்பும்போது, இன்றும் விரல்கள் தாமாகவே சற்று விரிகின்றன. சில மணிகள் பானைக்குத் திரும்புகின்றன. அதை நிறுத்தத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன்.